பின்னட்டையில் ஒரு கணினிப் பாடம்

கேள்வி: கடலூரில் ஒரு கலைக் கல்லூரியில் பி.ஏ. தமிழ் மாணவர்களுக்கு வாரம் ஒரு மணி நேரம் கணினி அறிமுக வகுப்பு எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். லேப் கிடைக்காது. எதிலிருந்து தொடங்குவது?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: லேப் இருந்தால் முதல் வகுப்பு பாஸ்வேர்டு தேடுவதிலேயே போயிருக்கும். ஆளுக்கொரு புத்தகம் எடுத்துவரச் சொல்லுங்கள். பின்னட்டையில் 13 இலக்க ஐஎஸ்பிஎன் (புத்தகத்துக்கான சர்வதேச அடையாள எண்) இருக்க வேண்டும். 2007க்கு முன் வந்தவற்றில் பெரும்பாலும் 10 இலக்கம்தான். அந்தக் கணக்கே வேறு, ஒதுக்கிவிடுங்கள்.

கடைசி இலக்கம், எண்ணைத் தவறில்லாமல் எழுதியிருக்கிறோமா என்று சரிபார்க்க மட்டுமே. முதல் 12 இலக்கங்களை இடமிருந்து 1, 3, 1, 3 என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டுங்கள். அடுத்த பத்தின் மடங்குக்கு எவ்வளவு குறைகிறதோ அதுவே 13ஆவது இலக்கம். உதாரணத்துக்கு 978816345270: தொகை 114, 120க்கு 6 குறைகிறது. எனவே 6.

செய்முறையை நீங்கள் எழுதிப் போடாதீர்கள். மாணவர்களே கரும்பலகையில் படிப்படியாக எழுதட்டும். ஒருவர் 'மெஷின்', எழுதியதை மட்டும் செய்வார், ஊகிக்கக் கூடாது. பெரும்பாலும் 'தொகையின் கடைசி இலக்கத்தைப் பத்திலிருந்து கழி' என்றுதான் எழுதுவார்கள். எண் 0இல் முடியும் புத்தகம் ஒன்றை முன்கூட்டியே தேடி வைத்திருந்து, அப்போது நீட்டுங்கள். மெஷின் 10 என்று எழுதும். எண் 14 இலக்கமாகிவிடும். சண்டை போட்டுவிட்டு, 'விடை 10 வந்தால் 0 எழுது' என்ற வரியை அவர்களே சேர்ப்பார்கள். அல்காரிதம், நிபந்தனை என்ற பெயர்களை அதற்குப் பிறகு சொன்னால் போதும்.

"ஏன் சார் 3?" என்று யாராவது கேட்பார்கள். வெறுமனே கூட்டினால் இலக்கங்கள் இடம் மாறினாலும் தொகை மாறாது. மேலே உள்ள எண்ணில் 52ஐ 25 ஆக்குங்கள்: தொகை 120, கடைசியில் 0 வர வேண்டும், இருப்பதோ 6. தவறு பிடிபட்டது. இப்போது அதே எண்ணில் 16ஐ 61 ஆக்குங்கள். தொகை 104, மறுபடி 6! அடுத்தடுத்த இலக்கங்களின் வித்தியாசம் 5 என்றால் தொகை சரியாக 10 ஏறும் அல்லது இறங்கும், தவறு நழுவிவிடும். எங்கள் கணிப்பில் வகுப்பு சூடுபிடிக்கும் இடம் இதுதான், அவசரப்படுத்தாதீர்கள்.

ஆதாரின் கடைசி இலக்கம் வெர்ஹோஃப் என்ற வேறொரு சரிபார்ப்பு முறையில் வருவது. அடுத்தடுத்த இலக்கங்கள் இடம் மாறினால் அதில் கட்டாயம் மாட்டும். இதை வாயால் சொல்லுங்கள் போதும். யாருடைய ஆதார் எண்ணையும் கரும்பலகையில் எழுத விடாதீர்கள்.