ஸ்கோப் வைத்த .22 செமி ஆட்டோவில் குண்டுகள் சிதறுவது ஏன்?

சுங்கை சிப்புட் நண்பரே, லைசென்ஸ் ரைபிள் 50 மீட்டரில் திடீரெனக் கையகலம் சிதறுகிறது, ஸ்கோப்பை, அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கியை, திருகியும் பலனில்லை என்கிறீர்கள்.

திருகுவதை நிறுத்துங்கள். கால் எம்ஓஏ (எம்ஓஏ என்பது கோண அளவு, ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) ஸ்கோப்பில் திருகியின் ஒரு கிளிக் குண்டு படும் இடத்தை அந்தத் தூரத்தில் 3.6 மில்லிமீட்டர் நகர்த்தும், அவ்வளவுதான், சிதறலைச் சுருக்காது. மேகசினையும் சேம்பரையும் (சுடுமுன் குண்டு உட்காரும் அறை) காலி செய்துவிட்டு, ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடித்திருக்கும் மவுண்ட் திருகுகளைப் பாருங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான். தளர்ந்திருந்தால் எண்ணெயைத் துடைத்து, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கே முறுக்குங்கள்.

அடுத்து குழலைத் தாங்கும் மரக்கட்டை. நம் தோட்டத்து ஈரத்தில் மரம் உப்பிக் குழலை அழுத்தும். குழல் கட்டையைத் தொடாமல் நிற்கும் வகை என்றால் ஒரு ரிங்கிட் நோட்டை இடையில் விட்டு இழுங்கள். சிக்கும் இடத்தில்தான் அழுத்தம்.

முதல் குண்டு மட்டும் விலகுகிறதா? கையால் இழுத்து ஏற்றிய குண்டும் துப்பாக்கி தானே ஏற்றியதும் சேம்பரில் ஒரே மாதிரி உட்காராது. அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.