அமெரிக்காவில் தன்பாலினத் திருமணத் தடையை ஒரு மாநிலத்தின் சாதாரண மக்கள் வாக்கெடுப்பில் தோற்கடித்தது எப்படி?

கேள்வி: அமெரிக்காவில் ஏதோ ஒரு மாநிலத்தில், தன்பாலினத் திருமணத்தைத் தடுப்பதற்காக அரசியலமைப்பையே திருத்தப் பார்த்தார்களாம், சாதாரண மக்கள் சேர்ந்து அதைத் தோற்கடித்தார்களாம். அது எப்படி நடந்தது? அருகில் இருந்து பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

நீங்கள் கேட்பது மினசோட்டாவைப் பற்றி என்று எடுத்துக்கொள்கிறேன். அப்போது மினியாப்பொலிஸில் மென்பொருள் வேலையில் இருந்தேன். ஹெச்-1பி விசா, ஓட்டு கிடையாது. ஆனால் மாலை நேரங்களில் வாக்காளர்களைத் தொலைபேசியில் அழைத்துப் பேசிய தன்னார்வலர்களில் நானும் ஒருத்தி. என்னோடு வேலை பார்த்த ஒருவர் தன் துணைவரோடு பல வருடங்களாகச் சேர்ந்து வாழ்ந்து வந்தார். அவர் கூப்பிட்டதால்தான் போனேன்.

2012 நவம்பர் 6 அன்று, ஒபாமா இரண்டாவது முறை ஜெயித்த அதே தேர்தலில், மினசோட்டா வாக்குச்சீட்டில் ஒரு கேள்வி கூடுதலாக இருந்தது. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இணைவது மட்டுமே இங்கே திருமணமாகச் செல்லும் என்று மாநில அரசியலமைப்பில் எழுதலாமா, ஆமா இல்லையா என்பதுதான் கேள்வி. அதற்கு முன் ஏறத்தாழ 30 மாநிலங்களில் இதே மாதிரி கேட்டிருந்தார்கள், தடைதான் ஜெயித்தது. அரிசோனா மக்கள் மட்டும் 2006-இல் ஒருமுறை வேண்டாம் என்றார்கள். இரண்டே வருடத்தில் அதைச் சுருக்கி மறுபடி கொண்டுவந்து அங்கேயும் நிறைவேற்றிவிட்டார்கள். 2012 மே மாதம் வட கரோலினாவில் 61 சதவீதம் பேர் தடைக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். அதற்கு ஆறு மாதம் கழித்து எங்கள் முறை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மினசோட்டாவில் 1997-லேயே ஒரு சட்டம் தன்பாலினத் திருமணத்தை வெளிப்படையாகத் தடை செய்திருந்தது. ஆக, 'இல்லை' ஜெயித்தாலும் மறுநாள் யாருக்கும் கல்யாணம் ஆகிவிடாது. பிறகு எதற்குத் திருத்தம்? சாதாரணச் சட்டத்தை நாளைக்கு ஒரு நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம், அடுத்த சட்டமன்றம் மாற்றலாம். அரசியலமைப்பில் ஏறிவிட்டால் மாநில நீதிமன்றம் அதில் கைவைக்க முடியாது. எடுக்க இன்னொரு வாக்கெடுப்பு வேண்டும். இன்னும் பிறக்காத தலைமுறைக்கும் சேர்த்துப் பூட்டுப் போடுகிற வேலை இது.

அந்த ஊருக்கு இதில் பழைய கதை ஒன்று உண்டு. 1970-இல் ஜாக் பேக்கர், மைக்கேல் மெக்கானல் என்ற இரண்டு ஆண்கள் மினியாப்பொலிஸில் திருமண உரிமம் கேட்டு விண்ணப்பித்தார்கள். மறுத்தார்கள். வழக்கு மாநில உச்ச நீதிமன்றத்தில் தோற்று, 1972-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே, இதில் விசாரிக்கும் அளவுக்குக் கூட்டாட்சிச் சட்டக் கேள்வி எதுவும் இல்லை என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார்கள். நாற்பது வருடத்துக்கு மேல் அந்த ஒற்றை வரியை எதிர்த்தரப்பு எல்லா வழக்கிலும் தூக்கிக்கொண்டு வந்தது. இதற்கு நடுவில் அந்த இருவரும் 1971-இல் வேறொரு கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) உரிமம் வாங்கிக் கல்யாணமே செய்துகொண்டுவிட்டார்கள் என்பது தனிக்கதை.

2011 மே மாதம் குடியரசுக் கட்சிப் பெரும்பான்மையில் இருந்த சட்டமன்றம் இந்தத் திருத்தத்தை மக்கள் வாக்குக்கு அனுப்பியது. கீழவையில் 70-க்கு 62. ஆளுநர் மார்க் டேட்டன் எதிர்ப்பாளர்தான், ஆனால் அரசியலமைப்புத் திருத்தத்தைத் தடுக்கிற அதிகாரம் அங்கே ஆளுநருக்கு இல்லை. அந்த விவாதத்தில் ஜான் கிரீசல் பேசியதை நான் பின்னால் காணொளியில் பார்த்தேன். குடியரசுக் கட்சி உறுப்பினர், ஈராக்கில் இரண்டு கால்களையும் இழந்தவர். அந்த வருடம் பிப்ரவரியில் ஆப்கானிஸ்தானில் இறந்துபோன ஆண்ட்ரூ வில்ஃபார்ட் என்ற மினசோட்டா வீரரைப் பற்றிப் பேசினார். அந்த வீரர் தன்பாலின ஈர்ப்பாளர். நாட்டுக்காக உயிரைக் கொடுத்தவருக்குத் தான் நேசித்தவரைக் கல்யாணம் செய்யும் உரிமை இல்லையா என்பதுதான் கிரீசலின் வாதம். சொந்தக் கட்சியை எதிர்த்து வாக்களித்தார். வில்ஃபார்டின் பெற்றோர் அதன்பின் ஊர் ஊராகப் போய்ப் பேசினார்கள். மகனைப் பறிகொடுத்த துக்கம் ஆறுவதற்குள் அவர்கள் செய்த அந்த வேலையை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு கனத்துவிடும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். எப்படி ஜெயித்தார்கள்?

முந்தைய தோல்விகளை உட்கார்ந்து படித்தார்கள். குறிப்பாக 2008-இல் கலிஃபோர்னியா. அங்கே தடையை எதிர்த்தவர்கள் உரிமை, பாகுபாடு, அரசியலமைப்பு என்றே பேசினார்கள். 52-க்கு 48 என்று தோற்றார்கள். பிறகு நடந்த ஆய்வுகளில் ஒன்று தெரியவந்தது. நீங்கள் ஏன் கல்யாணம் செய்துகொண்டீர்கள் என்று கேட்டால் மக்கள் அன்பு, கடைசிவரை கூட இருப்பது என்கிறார்கள். தன்பாலின ஜோடிகள் ஏன் கல்யாணம் கேட்கிறார்கள் என்று கேட்டால் அதே மக்கள் வரிச்சலுகை, காப்பீடு, உரிமை என்கிறார்கள். அவர்கள் கேட்பது வேறு ஏதோ என்ற எண்ணம் மனதில் விழுந்துவிட்டது. அதை விதைத்ததில் தன்பாலினத் திருமண ஆதரவாளர்களின் பிரசாரத்துக்கும் பங்கு இருந்தது.

அதனால் 'எல்லாக் குடும்பங்களுக்காகவும் ஒன்றுபட்ட மினசோட்டா மக்கள்' என்ற பொருள்படும் பெயரில் உருவான கூட்டணி வேறு வழியில் போனது. ரிச்சர்ட் கார்ல்பம் என்பவர் அதன் மேலாளர். கடைசியில் 27,000-க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் சேர்ந்தார்கள். அவர்களுக்குக் கொடுத்த வேலை வாதாடுவது அல்ல, பேசுவது. பயிற்சியில் முதல் பாடமே புள்ளிவிவரத்தைக் கீழே வை என்பதுதான். எதிர்முனையில் இருப்பவர் மணமானவரா, கல்யாணம் அவருக்கு என்ன அர்த்தம் தந்தது, தன்பாலின ஈர்ப்பாளர் யாரையாவது அவருக்குத் தெரியுமா என்று கேட்கவேண்டும். பதிலைக் கேட்கவேண்டும், நிஜமாகவே. அப்புறம் நம் கதையைச் சொல்லவேண்டும்.

எனக்கு ஆரம்பத்தில் இது பிடிக்கவில்லை. உரிமையைப் போய் இப்படிக் கெஞ்சிக் கேட்பதா என்று கோபம்கூட வந்தது. ஒருவரின் அடிப்படை உரிமையை மற்றவர்கள் ஓட்டுப்போட்டுத் தீர்மானிப்பதே தப்பு என்ற எண்ணம் இன்றைக்கும் எனக்கு மாறவில்லை. ஆனால் வாக்கெடுப்பு என்று வந்துவிட்ட பிறகு, ஓட்டு வைத்திருப்பவரிடம் பேசித்தானே ஆகவேண்டும்?

என் உச்சரிப்பைக் கேட்டதும் பலர் எந்த ஊர் என்று கேட்பார்கள். இந்தியா என்றால் அடுத்த கேள்வி, அங்கே அப்பா அம்மா பார்த்து முடிக்கிற கல்யாணம்தானே? அதுவே எனக்கு வசதியாகப் போனது. ஆமாம், எங்கள் குடும்பத்தில் யார் யாரைக் கட்டலாம் என்பதற்கு ஊரே கருத்து சொல்லும்; சாதி பார்ப்பார்கள், ஜாதகம் பார்ப்பார்கள்; கட்டிக்கொள்கிற இரண்டு பேரைக் கடைசியில்தான் கேட்பார்கள் என்பேன். வெளியாட்கள் தீர்மானிப்பது சரியில்லை என்று எதிர்முனையில் தாமாகவே சொல்வார்கள். நான் உடனே பிடித்துக்கொள்ள மாட்டேன். கொஞ்சம் நேரம் விட்டுத்தான் இந்தத் திருத்தமும் அதே வேலையைத்தானே செய்கிறது என்று கேட்பேன். சிலர் யோசிப்பதாகச் சொல்வார்கள். சிலர் இது வேறு, கடவுள் விஷயம் என்று வைத்துவிடுவார்கள். திட்டியவர்கள் நான் பயந்த அளவுக்கு இல்லை.

எங்கள் தமிழ் வட்டத்தில் பேசியதுதான் கஷ்டமாக இருந்தது. மினியாப்பொலிஸ் புறநகரான ஈடன் பிரெய்ரியில் ஓர் அக்கா, குடியுரிமை பெற்றவர், ஓட்டு உள்ளவர். அவர் கல்யாணமே சாதி மாறிச் செய்த பதிவுத் திருமணம். பிறந்த வீட்டில் பல வருடம் பேச்சு வார்த்தை கிடையாது. இவரிடம் சுலபமாகச் சொல்லிவிடலாம் என்று போனேன். அவரோ, "அது எங்க ரெண்டு பேர் பிரச்சினைடி, இது அப்படி இல்லையே. பிள்ளைங்களுக்கு ஸ்கூல்ல என்னத்தைச் சொல்லிக் கொடுப்பாங்களோ" என்றார். தொலைக்காட்சி விளம்பரம் அவர் மனதில் வேலை செய்திருந்தது. கலிஃபோர்னியாவில் தடைத் தரப்புக்கு ஜெயித்துக் கொடுத்த அதே பிரசார வல்லுநர், ஃபிராங்க் ஷூபர்ட், இங்கேயும் பொறுப்பில் இருந்தார். பள்ளிக்கூடத்தைக் காட்டிப் பெற்றோரைப் பயமுறுத்துவதுதான் அவர்களுடைய கடைசி வார ஆயுதம் என்று எங்களுக்கு முன்பே சொல்லியிருந்தார்கள், அதேபோல வந்தது. நான் அந்த அக்காவிடம் பள்ளியைப் பற்றி வாதிடவில்லை. உங்கள் கல்யாணத்தன்று உங்கள் பக்கம் யார் வந்தார்கள் என்று மட்டும் கேட்டேன். அவர் அழுதுவிட்டார். அன்றைக்கு அதற்குமேல் நான் எதுவும் பேசவில்லை.

தேர்தல் முடிந்து கேட்டபோது, அந்தக் கேள்வியில் எதையும் குறிக்காமல் விட்டுவிட்டேன் என்றார். மினசோட்டாவில் இதற்கு ஒரு விசேஷம் உண்டு. அரசியலமைப்புத் திருத்தம் நிறைவேற, அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர்களில் பாதிக்கு மேல் போதாது. அன்று ஓட்டுப்போட வந்த மொத்தப் பேரிலும் பாதிக்கு மேல் 'ஆம்' சொல்லவேண்டும். காலியாக விட்டால் அது 'இல்லை'க்குச் சமம். இதை நான் அவரிடம் முன்பே சொல்லியிருந்தேன். தெரிந்துதான் விட்டார்.

சபைகளின் பங்கைச் சொல்லாமல் இந்தக் கதை நிற்காது. கத்தோலிக்கப் பேராயர் ஜான் நீன்ஸ்டெட் திருத்தத்தின் பெரிய ஆதரவாளர். 2010-லேயே லட்சக்கணக்கான கத்தோலிக்க வீடுகளுக்குக் குறுந்தகடு அனுப்பியிருந்தார்கள். ஆனால் திருத்தத்தை எதிர்த்த கத்தோலிக்கர்களும் தனியாகத் திரண்டார்கள். மினசோட்டா ஸ்காண்டிநேவிய, ஜெர்மன் வம்சாவளி லூத்தரன்கள் நிறைந்த மாநிலம். அந்தச் சபையின் பல மண்டலப் பேரவைகள் திருத்தத்தை எதிர்த்துத் தீர்மானம் போட்டன. யூத மதகுருக்களான ரப்பிகள் வந்தார்கள். பிரசாரக் குழு மதத்தை எதிரியிடம் விட்டுக்கொடுக்காமல், சபைகளோடு பேசுவதற்கென்றே ஆட்களை வைத்திருந்தது. என் கணிப்பில் தொலைபேசிக்கு அடுத்து அதிகம் உதவியது இதுதான். ஜெனரல் மில்ஸ் போன்ற உள்ளூர்ப் பெரிய நிறுவனம் வெளிப்படையாக எதிர்த்தது, வைக்கிங்ஸ் என்ற உள்ளூர் அமெரிக்கக் கால்பந்து அணியின் ஆட்டக்காரர் கிறிஸ் குளூவி குரல் கொடுத்தது எல்லாம் செய்தியில் நன்றாக வந்தன. வீட்டு முற்றங்களில் ஆரஞ்சும் நீலமுமாக எங்கள் அட்டைகள். பணமும் எதிர்த்தரப்பைவிட அதிகமாகத் திரண்டது. அது இல்லாமல் ஜெயித்தோம் என்று சொன்னால் பொய்.

எனக்கு உறுத்திய விஷயமும் உண்டு. விளம்பரங்களில் பேசியவர்கள் பெரும்பாலும் ஆண்-பெண் தம்பதிகள்: எங்கள் மனம் மாறியது, உங்கள் மனமும் மாறலாம் என்கிறவர்கள். யாருக்காகப் போராடுகிறோமோ அந்த ஜோடிகளை அவ்வளவாகக் காணோம். என் அலுவலக நண்பருக்கு அது வலித்தது. நடுவில் நிற்கிறவர்களை இழுக்க அது உதவியது என்பதை அவரும் ஒப்புக்கொண்டார். வலி அதனால் குறையவில்லை. அந்த வருடங்களில்தான் மினியாப்பொலிஸின் வடக்குப் புறநகரான அனோக்கா-ஹென்னபின் பள்ளி மாவட்டத்தில், கேலிக்கும் சீண்டலுக்கும் ஆளான மாணவர்கள் வழக்குப் போட்டு, 2012 மார்ச்சில் உடன்பாடு ஏற்பட்டது. அந்தப் பிள்ளைகள் தெருவெங்கும் 'ஆம்' அட்டைகளைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்குப் போயிருப்பார்களே என்ற நினைப்புத்தான் பல மாலைகளில் என்னை அந்த நாற்காலியில் உட்காரவைத்தது.

முடிவு நள்ளிரவுக்கு அப்புறம்தான் தெரிந்தது. 'இல்லை' 51.19 சதவீதம், 'ஆம்' 47.44 சதவீதம். காலியாக விட்டவர்கள் 40,000 பேர் இருக்கும். மாநிலத்தில் 87 கவுண்டிகள். பெரும்பாலானவற்றில் 'ஆம்'தான் முன்னால். இரட்டை நகரங்களான மினியாப்பொலிஸும் செயின்ட் பாலும் இழுத்துக்கொடுத்தன என்பது உண்மை. ஆனால் சின்ன ஊர்களில் பெரிதாகத் தோற்காமல் சிறிதாகத் தோற்கவும் யாரோ உட்கார்ந்து பேசியிருக்கவேண்டும் அல்லவா? அதே நாளில் மெய்ன், மேரிலாந்து, வாஷிங்டன் மாநிலங்களில் மக்கள் வாக்களித்தே தன்பாலினத் திருமணத்தை ஏற்றார்கள்.

அதோடு நிற்கவில்லை. அந்தத் தேர்தலில் மினசோட்டா சட்டமன்றத்தின் இரு அவைகளும் ஜனநாயகக் கட்சியிடம் கைமாறின. தன்னார்வலர் பட்டியலைக் கலைக்காமல், அதே ஆட்கள் இந்தமுறை தங்கள் தொகுதி உறுப்பினர்களிடம் பேசப் போனார்கள். 2013 மே மாதம் கீழவையில் 75-க்கு 59, மேலவையில் 37-க்கு 30 என்று திருமணச் சமத்துவச் சட்டம் நிறைவேறியது. மே 14 அன்று டேட்டன் கையெழுத்திட்டார். ஆகஸ்ட் 1 முதல் அமல். ஆறே மாதத்தில் தடையிலிருந்து அனுமதிக்கு வந்த மாநிலம் அது. குடியரசுக் கட்சியில் கீழவையில் நான்கு பேரும் மேலவையில் ஒருவரும் ஆதரித்தார்கள். அவர்களில் டேவிட் ஃபிட்ஸ்சிம்மன்ஸ் அடுத்த தேர்தலில் சொந்தக் கட்சியின் ஒப்புதலை இழந்தார்; அவர் பெயரை இன்றைக்கு யாரும் சொல்வதில்லை என்பதால் இங்கே எழுதிவைக்கிறேன்.

தடை நிறைவேறிய மற்ற மாநிலங்கள் என்ன ஆயின என்று அடுத்துக் கேட்பீர்கள். 2015 ஜூன் 26 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவற்றையெல்லாம் செல்லாது என்றது. பேக்கர், மெக்கானல் வழக்கின் அந்த ஒற்றை வரியையும் அன்றுதான் ரத்து செய்தது. ஆனால் தடை வாசகங்கள் பல மாநில அரசியலமைப்புகளில் அப்படியே அச்சில் கிடக்கின்றன. நீதிமன்றம் நாளை மனம் மாறினால் அவை உயிர் பெறக்கூடும் என்ற பயம் இருக்கிறது. எடுத்துப்போட ஒவ்வொரு இடத்திலும் மறுபடி வாக்கெடுப்பு வேண்டும். நெவாடா 2020-இல் செய்தது; கலிஃபோர்னியா, கொலராடோ, ஹவாய் 2024-இல் செய்தன. மற்ற மாநிலங்களில் அந்த வேலை இன்னும் பாக்கி இருக்கிறது.