டிபிடி (அமெரிக்காவுல பிசியோதெரபி டாக்டர் படிப்பு) சேர்றதுக்கு முன்னாடி இவ்ளோ சயின்ஸ் ஏன்? உங்க கேள்விகளுக்கு பதில்

கேள்வி: மேடம், எக்சர்சைஸ் சொல்லித்தர்ற வேலைக்கு ரெண்டு செமஸ்டர் ஃபிசிக்ஸ் எதுக்கு? எனக்கு ஃபிசிக்ஸ்னாலே ஆகாது.

அதிகம் பேர் கேக்குறது இதான், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். முழங்கைய 90 டிகிரி மடக்கி உள்ளங்கைல 5 கிலோ வெயிட் வெச்சிருக்கீங்கன்னு வைங்க. வெயிட் மூட்டுலேர்ந்து சுமார் 32 செ.மீ. தள்ளி இருக்கு, ஆனா பைசெப்ஸ் எலும்புல ஒட்டுற இடம் மூட்டுலேர்ந்து ஒரு 4 செ.மீ. தான், அப்போ அந்த 5 கிலோவ தாங்க தசை எட்டு மடங்கு, அதாவது 40 கிலோவுக்கு சமமா இழுக்கணும், கையோட சொந்த எடை தனிக்கணக்கு. நீங்க பயப்படுற டார்க் (torque, அதாவது மூட்ட சுத்தி திருப்புற விசை) இதான். தோள்ல ஆபரேஷன் ஆனவங்க கைய நீட்டித் தூக்க முடியாம திணறும்போது "முழங்கைய மடக்கிட்டு தூக்குங்க"ன்னு சொன்னா சட்டுனு கை மேல வரும், நெம்புகோல் நீளம் குறைஞ்சிடுச்சு அவ்ளோதான். அந்த நேரத்துல அவங்க முகத்த பாத்தா ஃபிசிக்ஸ் மேல உங்களுக்கே பாசம் வந்துடும். தண்ணிக்குள்ள நடக்க வைக்குறதும் ஃபிசிக்ஸ்தான், தண்ணி உடம்ப மேல தூக்கும், அதனால இடுப்பளவு தண்ணில நின்னா உடம்பு எடைல பாதிதான் கால்ல இறங்கும்.

கேள்வி: அனாட்டமி மனப்பாடம் பண்றேன், எக்ஸாம் முடிஞ்சதும் காணாம போயிடுது.

பேர மட்டும் படிச்சா போகத்தான் செய்யும். லேப்ல மேல்கை எலும்ப கைல எடுத்து பின்பக்கம் விரலால தடவிப்பாருங்க, சாய்வா லேசா ஒரு பள்ளம் தட்டுப்படும், ரேடியல் நரம்பு எலும்ப ஒட்டியே அது வழியாதான் போகுது. அதனாலதான் எலும்பு நடுவுல முறிஞ்சவங்கள்ல சிலருக்கு மணிக்கட்டு தொங்கிப்போயிடும். இப்படி ஒரு நரம்பு, ஒரு பாதிப்புன்னு சேத்து படிங்க, மறக்காது. தயவுசெஞ்சு லேப் இல்லாத கோர்ஸ் எடுக்காதீங்க.

கேள்வி: கெமிஸ்ட்ரி?

தசை சுருங்குறதுக்கு கால்சியமும் ஏடிபியும் (செல்லுக்கு சக்தி தர்ற மூலக்கூறு) வேணும், ரத்தத்தோட பிஹெச் 7.35லேர்ந்து 7.45க்குள்ள நிக்கணும், நுரையீரல் நோய்ல கார்பன் டை ஆக்சைடு தேங்கினா அது கீழ இறங்கும். கெமிஸ்ட்ரி அடிப்படை இல்லாம ஃபிசியாலஜி புரியாது, அதுக்குத்தான்.

கேள்வி: ஃபிசியாலஜில சுமாரான மார்க், பரவால்லயா?

மார்க்க விட புரிஞ்சுதான்னு பாருங்க. பீட்டா பிளாக்கர் மாத்திரை போடுறவங்கள நடக்க வைக்குறீங்க, மூச்சு வாங்குது, வேர்க்குது, பல்ஸ் மட்டும் பெருசா ஏறவே இல்ல. மாத்திரை இதயத்துடிப்ப அடக்கி வெச்சிருக்குன்னு தெரியாதவங்க "பல்ஸ் நார்மல்தானே"ன்னு இன்னும் வேகமா நடக்க விட்டுடுவாங்க, அது ஆபத்து. தெரிஞ்சவங்க 6லேர்ந்து 20 வரைக்கும் போற போர்க் ஸ்கேல காட்டி எவ்ளோ கஷ்டமா இருக்குன்னு அவங்களையே கேப்பாங்க. நான் மாணவர்கள்கிட்ட விடாம கேக்குற கேள்வி இது.

கேள்வி: எட்டு வருஷம் முன்னாடி படிச்ச கோர்ஸ் எல்லாம் செல்லுமா?

ஒவ்வொரு ப்ரோக்ராமுக்கும் ஒரு ரூல். சில இடத்துல கால வரம்பு இருக்கு, சில இடத்துல இல்ல, பிடிகேஸ்ல (PTCAS, டிபிடிக்கு பல காலேஜுக்கும் சேத்து அப்ளை பண்ற பொது தளம்) அப்ளை பண்றதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணா செக் பண்ணிடுங்க. செல்லும்னே சொன்னாலும் அனாட்டமி, ஃபிசியாலஜி ரெண்டையும் திரும்ப ஒரு தடவ படிச்சிட்டு போங்க, முதல் செமஸ்டர்லயே அது ரெண்டும்தான் உங்கள தாங்கும்.