வீட்டிலிருந்து வேலை: வரிச் சலுகைக்கு ஏஜென்ட் வேண்டுமா?

கேள்வி: லண்டன் ஹாரோவில் இருக்கிறோம். என் கம்பெனி 2021-இல் இங்கிருந்த அலுவலகத்தையே மூடிவிட்டது. அப்போதிலிருந்து எனக்கு வீட்டில்தான் வேலை, காண்ட்ராக்டிலும் அப்படியே மாற்றிக் கொடுத்தார்கள். என் கணவருக்கு வாரத்தில் மூன்று நாள் அலுவலகம், இரண்டு நாள் வீடு. இருவரும் 20 சதவீத வரி கட்டுகிறோம். கரண்ட், கேஸ் செலவுக்கு நான்கு வருட வரிச் சலுகையாக ஆளுக்கு 1,248 பவுண்ட் வாங்கித் தருவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். கமிஷன் 40 சதவீதம். கொடுக்கலாமா?

பதில்: ஏஜென்டிடம் கொடுக்காதீர்கள். உங்கள் பங்கை நீங்களே காசு செலவில்லாமல் கேட்டு வாங்கலாம். உங்கள் கணவருக்கு இந்தச் சலுகை கிடையாது.

முதலில் அந்த 1,248. பில் எதுவும் காட்டாமல் வாரத்துக்கு 6 பவுண்ட் கூடுதல் வீட்டுச் செலவு என்று வரித்துறை (எச்எம்ஆர்சி) ஏற்றுக்கொள்கிறது. வருடத்துக்கு 312, நான்கு வருடத்துக்கு 1,248. ஆனால் அந்தத் தொகை முழுவதும் கைக்கு வராது. அதற்கு நீங்கள் கட்டிய வரிதான் திரும்பி வரும். 20 சதவீதம் என்றால் வருடத்துக்கு 62.40, நான்கு வருடத்துக்கு 249.60 பவுண்ட். அதில் 40 சதவீதம் போனால் உங்களுக்கு மிஞ்சுவது சுமார் 150. ஒரு படிவம் நிரப்ப 100 பவுண்ட் கூலி என்பது அநியாயம்.

கொரோனா காலத்தில் ஒரு நாள் வீட்டிலிருந்து வேலை செய்தவருக்குக்கூட முழு வருடச் சலுகை கிடைத்தது. ‘எல்லாருக்கும் கிடைக்கும்’ என்ற பேச்சு அப்போது பரவியதுதான். 2022-23-இலிருந்து, வீட்டில்தான் வேலை செய்தாக வேண்டும் என்ற நிலையில் இருப்பவருக்கு மட்டுமே. கம்பெனிக்கு அலுவலகமே இல்லை என்பதால் நீங்கள் அதில் வருகிறீர்கள். விருப்பப்பட்டு வீட்டிலிருந்து வேலை செய்பவரும், அலுவலகத்தில் இடம் நெருக்கடி என்று சில நாள் வீட்டில் இருப்பவரும் வரமாட்டார்கள். கணவர் பெயரிலும் ஏஜென்ட் விண்ணப்பித்துப் பணம் வந்துவிட்டால், பின்னால் வரித்துறை திருப்பிக் கேட்கப்போவது உங்கள் கணவரிடம்தான், ஏஜென்டிடம் அல்ல.

நிரப்ப வேண்டியது பி87 படிவம், அரசின் இணையதளத்திலேயே இருக்கிறது. வீட்டிலிருந்து வேலை செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கும் காண்ட்ராக்ட் பக்கத்தின் நகலை எடுத்து வையுங்கள். இப்போது ஆதாரம் கேட்கிறார்கள். படிவத்தில் ஒரு இடத்தைக் கவனமாகப் பாருங்கள்: பணத்தை வேறொருவருக்கு அனுப்பச் சொல்லும் பகுதி. ஏஜென்ட் தன் பெயரை எழுதுவது அங்கேதான். பணம் முதலில் அவரிடம் போய், கமிஷன் கழிந்த மிச்சம்தான் உங்களுக்கு வரும். உங்கள் வங்கிக் கணக்கை மட்டும் கொடுங்கள். வருடாவருடம் செல்ஃப் அசெஸ்மென்ட் (நீங்களே தாக்கல் செய்யும் வரிக் கணக்கு) போடுபவராக இருந்தால் பி87 வேண்டாம், அதிலேயே கேட்க வேண்டும்.

வாரம் 6 பவுண்டுக்கு மேல் செலவு என்றால் பில்லோடு உண்மைச் செலவைக் காட்டலாம். ஆனால் வேலையால் கூடிய கேஸ், கரண்ட், அலுவலகப் போன் அழைப்பு மாதிரியானவை மட்டும்தான். வாடகை, மார்ட்கேஜ், கவுன்சில் டாக்ஸ், ஏற்கெனவே வீட்டில் இருந்த பிராட்பேண்ட் எதுவும் சேராது. இவ்வளவு கழித்துவிட்டுப் பார்த்தால் பெரும்பாலானவர்களுக்கு அந்த 6 பவுண்டே போதும்.

இன்னொரு விஷயம். ஊழியர்களுக்கான இந்தச் சலுகையை 2026 ஏப்ரல் 6-லிருந்து நிறுத்துவதாக 2025 நவம்பர் பட்ஜெட்டில் அறிவித்துவிட்டார்கள். அதற்குப் பிறகான செலவுக்குக் கம்பெனி மனது வைத்துக் கொடுத்தால்தான் உண்டு. வாரம் 6 பவுண்ட் வரை அவர்கள் கொடுத்தால் அதற்கு வரி இல்லை. எச்ஆரிடம் கேட்டுப் பாருங்கள், அப்புறம் ஏற்கெனவே கொடுத்திருக்கிறார்களா என்று பேஸ்லிப்பையும் பாருங்கள். கொடுத்திருந்தால் அந்த வாரங்களுக்கு வரித்துறையிடம் கேட்கக் கூடாது.

பழைய வருடங்களுக்கு நான்கு வருடம் வரை பின்னோக்கிக் கேட்கலாம். 2022-23-க்குக் கடைசி நாள் 2027 ஏப்ரல் 5. அந்த வருடத்தை முதலில் அனுப்புங்கள்.