பழைய போர் விமானம்: பறக்கலாம் என்று சொல்ல வேண்டியவர் யார்?

கேள்வி: இரண்டாம் உலகப் போர்க் காலத்துக் குண்டுவீச்சு விமானங்களைப் புதுப்பித்து, கட்டணம் வாங்கிக்கொண்டு பார்வையாளர்களை அவற்றில் ஏற்றிச் செல்கிறார்கள். 2019-இல் அமெரிக்காவில் அப்படிப்பட்ட பி-17 விமானம் ஒன்று விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். கிளம்பும் முன் அதைச் சோதித்திருக்க வேண்டியவர் விமானியா, மெக்கானிக்கா, உரிமையாளரா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: மூவருக்கும் பொறுப்பு உண்டு. ஆனால் மூவருடைய பொறுப்பும் ஒன்றல்ல. அமெரிக்க விமான விதிகளின் 91-ஆம் பகுதி, விமானத்தைப் பறக்கத் தக்க நிலையில் பராமரிக்கும் முதன்மைப் பொறுப்பை உரிமையாளர் அல்லது இயக்குபவர் மீது வைக்கிறது. பழுது பார்த்தவரோ பார்த்த வேலையைப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். அந்த வேலைக்கு அவரே பதில் சொல்ல வேண்டும். இவை எல்லாம் முடிந்த பிறகு, குறிப்பிட்ட அந்த நாளில், அந்தப் பயணத்துக்கு விமானம் தகுதியாக இருக்கிறதா என்று தீர்மானிக்க வேண்டியவர் தலைமை விமானி. 'மெக்கானிக் சரி என்றார், அதனால் கிளம்பினேன்' என்று அவர் சொல்லித் தப்ப முடியாது. அதே சமயம், விமானி பார்த்துக்கொள்வார் என்று உரிமையாளர் ஒதுங்கிவிடவும் முடியாது.

நீங்கள் குறிப்பிடும் விபத்து 2019 அக்டோபர் 2 அன்று கனெக்டிகட் மாநிலத்தின் பிராட்லி விமான நிலையத்தில் நடந்தது. காலிங்ஸ் அறக்கட்டளைக்குச் சொந்தமான, 'நைன்-ஓ-நைன்' என்று பெயர் எழுதப்பட்ட பி-17 அது. மூன்று பணியாளர்களும் பத்துப் பயணிகளும் அதில் இருந்தார்கள். மேலேறத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே வலப்புறத்து நான்காம் இஞ்சின் வலுவிழந்தது; விமானி அதை நிறுத்திவிட்டுத் திரும்பினார். தரையிறங்கும் சக்கரங்களை அவர் முன்கூட்டியே இறக்கியதால் காற்றின் எதிர்ப்பு கூடி, வேகம் குறைந்து, விமானம் ஓடுபாதைக்கு முன்னாலேயே, தரையிறங்க வழிகாட்டும் அணுகு விளக்குகளில் மோதிச் சிதைந்து தீப்பற்றியது.

விபத்துக்குப் பின் இஞ்சின்களைப் பிரித்துப் பார்த்தபோது தெரிய வந்தவைதான் உங்கள் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புடையவை. இந்த இஞ்சினில் தீப்பொறி தருவதற்கு இரண்டு மேக்னெட்டோக்கள் உண்டு. ஒன்று பழுதானாலும் மற்றொன்று ஓட்டிக்கொண்டிருக்கும் என்பதற்காகவே இந்த இரட்டை ஏற்பாடு. நான்காம் இஞ்சினின் இடது மேக்னெட்டோவில், நிறுத்து விசையோடு இணையும் கம்பி முறையாகப் பொருத்தப்படாமல், சாதாரணக் கட்டுக்கம்பியால் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. அது சற்று அசைந்து உறையைத் தொட்டாலே மேக்னெட்டோ செயலற்றுப் போகும் நிலை. வலது மேக்னெட்டோவில் தேய்மானம் அளவு கடந்திருந்தது. சோதித்துப் பார்த்ததில் ஒன்பது சிலிண்டர்களில் நான்குக்கு பலவீனமான பொறி வந்தது, அல்லது வரவே இல்லை. அருகிலிருந்த மூன்றாம் இஞ்சினின் ஸ்பார்க் பிளக்குகளில் அழுக்குப் படிந்திருந்தது, அவற்றின் இடைவெளிகளும் வரம்பு மீறியிருந்தன. இவை எவையும் ஒரே காலையில் முளைத்த குறைகள் அல்ல. அந்தக் காலையில்கூட நான்காம் இஞ்சின் இயங்க மறுத்ததால், ஈரம் புகுந்திருக்கும் என்று கருதி நைட்ரஜனைப் பீய்ச்சி உலர்த்திய பிறகே கிளம்பினார்கள்.

விபத்தை விசாரித்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முதன்மைக் காரணமாகச் சொன்னது, இஞ்சினை நிறுத்திய பிறகு விமானி வேகத்தையும், சக்கரங்களை இறக்குவது போன்ற விமானத்தின் அமைப்பையும் சரியாகக் கையாளவில்லை என்பதை. துணைக் காரணங்களில் சுற்றுப்பயணத்தின்போது நடந்த பராமரிப்பு போதாமல் இருந்ததையும் அது சேர்த்தது. அந்தப் பராமரிப்புக்குத் தலைமைப் பொறுப்பாளர் யார் தெரியுமா? அதே விமானிதான். பி-17 விமானத்தில் மட்டும் 7,000 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். அனுபவக் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால், இஞ்சினைச் சரிபார்க்கச் செய்ய வேண்டியவரும், சரிபார்த்தது போதுமா என்று விமானி இருக்கையில் அமர்ந்து சந்தேகப்பட வேண்டியவரும் ஒரே ஆளாக இருக்கும்போது இரண்டாவது சோதனை பெயரளவுக்கே நிற்கிறது. அவர் கவனக்குறைவானவர் என்று முடிவுகட்டுவதைவிட, இந்த ஏற்பாட்டை அனுமதித்த அறக்கட்டளையைக் கேள்வி கேட்பதே சரி என்பது என் கருத்து. பழைய விமானங்களைப் பறக்க வைக்கும் அமைப்புகள் நன்கொடையிலும் தன்னார்வலர் உழைப்பிலும் நடப்பவை. ஆள் பற்றாக்குறை உண்மையானது. அந்தப் பற்றாக்குறையின் விலையைச் சீட்டு வாங்கிய பயணி கொடுக்கக் கூடாது.

கேள்வி: விமானி அன்று முறையாகச் சோதித்திருந்தால் எல்லாக் குறைகளும் தெரிந்திருக்குமா?
— வாசகர், சேலம்

பதில்: சில தெரியும், பல தெரியாது. வட்டமாகச் சிலிண்டர்கள் அமைந்த இந்த இஞ்சின்கள் நின்றிருக்கும்போது, அடிப்பக்கத்துச் சிலிண்டர்களில் எண்ணெய் இறங்கித் தேங்கும். அப்படியே ஸ்டார்ட் செய்தால் எண்ணெயை அமுக்க முடியாமல் உட்பாகம் உடையும். அதனால் பணியாளர்கள் புரொப்பெல்லர் இலைகளை ஒவ்வொன்றாகக் கையால் தள்ளிச் சுற்றுவார்கள். வழக்கத்துக்கு மாறாகத் தடை தென்பட்டால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். எரிபொருள் தொட்டியின் அடியிலிருந்து சிறிது வடித்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பதும் உண்டு. ஓடுபாதைக்கு அருகில் இஞ்சினை வேகமாக ஓட விட்டு, மேக்னெட்டோக்களை ஒவ்வொன்றாக அணைத்து, சுழற்சி எவ்வளவு குறைகிறது என்று கவனிப்பார்கள். பலவீனமான மேக்னெட்டோ பெரும்பாலும் இந்த இடத்தில் அகப்படும். ஆனால் அசைந்தால் மட்டுமே உறையைத் தொடுகிற கம்பி, இஞ்சின் மூடியைத் திறந்து பார்க்கும் மெக்கானிக்கின் கண்ணுக்குத்தான் தெரியும்.

இறக்கையின் உட்சட்டம் இணையும் இடத்தில் ஏற்படும் பழுது அதைவிடவும் மறைவானது. 2021-இல் 'அலுமினியம் ஓவர்காஸ்ட்' என்ற பி-17-இன் இறக்கை இணைப்பில் கோளாறு கண்டறியப்பட்டு அது தரையிறக்கப்பட்டது. 2023-இல் எல்லா பி-17 விமானங்களின் இறக்கை இணைப்புகளையும் பரிசோதிக்கும்படி அமெரிக்க விமான நிர்வாகம் உத்தரவிட்டது. எண்பது வயதை எட்டிய உலோகத்தைச் சுற்றி நடந்து பார்த்து அறிய முடியாது. அது உரிமையாளர் பணம் செலவழித்துச் செய்விக்க வேண்டிய பரிசோதனை.

செக்லிஸ்ட் என்ற பழக்கம் பரவியதற்கும் பி-17-இன் முன்மாதிரிதான் காரணம் என்பதை இங்கே சொல்லலாம். 1935 அக்டோபர் 30 அன்று ஒஹையோவின் ரைட் ஃபீல்டில், கட்டுப்பாட்டுப் பரப்புகளைக் காற்றில் ஆடாமல் பூட்டி வைக்கும் பூட்டை விடுவிக்காமலே கிளம்பியதால் அது விழுந்தது, இருவர் இறந்தனர். அதன் பிறகே விமானிகள் பட்டியல் வைத்துச் சரிபார்க்கத் தொடங்கினார்கள். பட்டியல் மறதியைத் தடுக்கும். பட்டியலில் இல்லாத இடத்தில் இருக்கும் பழுதைக் காட்டாது.

கேள்வி: அனுமதி கொடுத்த அரசுக்குப் பொறுப்பே இல்லையா?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: உண்டு, பி-17 விபத்தை விசாரித்த வாரியமே அதைச் சொல்லியிருக்கிறது. இந்த வகை விமானங்களில் கட்டணம் வாங்கி ஆள் ஏற்றுவதை அமெரிக்க விதி தடுக்கிறது. தனி விலக்கு பெற்றவர்கள் மட்டுமே ஏற்றலாம். ஆபத்துகளை முன்கூட்டியே கண்டறிந்து குறைக்கும் பாதுகாப்பு மேலாண்மை முறை ஒன்றைக் கடைப்பிடிப்போம் என்பது அந்த விலக்கின் நிபந்தனைகளுள் ஒன்று. அறக்கட்டளையின் முறை பயனற்றதாக இருந்ததையும், அதை விமான நிர்வாகம் சரியாகக் கண்காணிக்காததையும் வாரியம் துணைக் காரணங்களாகப் பதிவு செய்தது. விபத்துக்குப் பின், 2020 மார்ச்சில், நிர்வாகம் விலக்கை ரத்து செய்தது. விமானத்தில் பணியாற்றிய பணியாளர் தலைவருக்கு முறையான தொடக்கப் பயிற்சியே தரப்படவில்லை என்பதும் அப்போது எழுத்தில் வந்தது. இதை நிர்வாகம் முன்பே கேட்டிருக்கலாம்.

பிரிட்டனிலும் இதே நிலைதான். 2015 ஆகஸ்ட் 22 அன்று ஷோரம் விமானக் காட்சியில் ஹாக்கர் ஹண்டர் என்ற பழைய ஜெட் போர் விமானம் ஒன்று நெடுஞ்சாலையில் விழுந்து, வானைப் பார்த்திராத பலர் உட்பட 11 பேர் இறந்தனர். செங்குத்தாக மேலேறித் தலைகீழாக வட்டமடிக்கும்போது வேகமும் உயரமும் போதாமல் போனதே காரணம். பராமரிப்புக் குறை காரணமல்ல. ஆயினும் விசாரணையில், ஆபத்தில் விமானியை வெளியே வீசும் வெளியேற்று இருக்கையின் வெடிமருந்துக் குப்பிகள் காலாவதியாகியிருந்ததும், பறப்பதற்கான அனுமதியின் நிபந்தனைகளுக்கு விமானம் முழுமையாக உட்படவில்லை என்பதும் தெரிந்தன. அனுமதிச் சீட்டு கையில் இருந்தது. சீட்டில் எழுதியிருந்தது விமானத்தில் இருக்கிறதா என்று விபத்து நடக்கும்வரை எவரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.