ஆதார்ல ஒரு பேரு, பாஸ்போர்ட்ல ஒரு பேரு: எத முதல்ல திருத்தணும்?

குளச்சல் பக்கத்துல இருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க. பேர மட்டும் மாத்திட்டு கேள்விய அப்படியே தாறேன்.

"எனக்க மாப்பிள்ளைக்கு கடல் தொழில். ஆதார்ல மரிய ஜோசப் எஸ்னு இருக்கு, பேன் கார்டுல சூசை மரிய ஜோசப், ரேஷன் கார்டுல வெறும் ஜோசப். பாஸ்போர்ட்ல மரிய ஜோசப்னு மட்டும் இருக்கு, சர்நேம் கட்டம் காலி. துபாய்க்கு போக ஏஜென்ட் பேர சரியாக்கிட்டு வாங்கன்னு சொல்லிட்டான். மீன்பிடி தடைக்கால பணமும் நாங்க குடுத்த பேங்குக்கு வராம பழைய பேங்க்ல போய் கெடக்கு. எல்லாம் கவர்மெண்ட் தானே அண்ணே, ஒரு எடத்துல மாத்துனா எல்லா எடத்துலயும் மாறாதா?"

மாறாது அக்கா. நிறைய பேரு ஆதார்ல மாத்திட்டா தானா எல்லா எடத்துக்கும் போயிரும்னு நெனச்சு வீட்ல இருந்துருக்காங்க, ஆனா ஆதார் அப்படி வேல செய்யல. ஒரு டிபார்ட்மெண்ட் நம்பரையும் பேரையும் அனுப்பி இது இவரு தானான்னு கேட்டா ஆமா, இல்லன்னு பதில் சொல்லும், நாம சம்மதிச்சா அந்த நேரத்துல உள்ள விவரத்த குடுக்கும், அவ்ளோதான். நாளைக்கு நீங்க பேர மாத்துனா அத தேடிப்போய் பேன் ஆபீசுலயும் ரேஷன் கடையிலயும் சொல்லாது.

இதுல யாரு மேலயும் முழுசா குத்தம் சொல்லவும் முடியாது. ஆதார் ஆரம்பிக்கும்போதே, 2009-ல, முன்னாள் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையர் என். விட்டல் தலைமையில ஒரு கமிட்டி போட்டு பேரு, அட்ரஸ் எல்லாம் எப்படி பதியணும்னு ஸ்டாண்டர்ட் எழுதுனாங்க, அதுல பேருக்கு ஒரே கட்டம் தான், ஏன்னா நம்ம ஊர்ல அப்பா பேரு தான் இனிஷியலா வருது, சர்நேம்னு தனியா ஒண்ணு கெடையாது. ஆனா பேன் கார்டுக்கு ஏற்கனவே மூணு கட்டம், அதுல இனிஷியல் போடக்கூடாது, விரிச்சு தான் எழுதணும். பாஸ்போர்ட்டுக்கு ரெண்டு கட்டம், அது உலக விமானப் போக்குவரத்து அமைப்போட அளவு, டெல்லியே நெனச்சாலும் மாத்த முடியாது. அப்போ மூணு ஆபீசும் அவங்கவங்க விதிப்படி சரியா தான் எழுதியிருக்காங்க, உங்க வீட்டுக்காரருக்கு தான் மூணு பேரு வந்துட்டு.

கடற்கரைக்காரங்களுக்கு கொஞ்சம் அதிகப்படி தொல்ல உண்டு. 2008 மும்பை தாக்குதலுக்கு அப்புறம் மீனவருக்குன்னு ஒரு பயோமெட்ரிக் கார்டு, கடலோர கிராமத்துக்குன்னு மக்கள்தொகை பதிவேட்டுல இருந்து இன்னொரு அடையாள கார்டு, பெறவு ஆதார். அந்த பதிவேட்ட எடுத்த உள்துறையும், ஆதார கையில வச்சிருந்த திட்டக்கமிஷனும் யாரு கைரேக எடுக்கணும்னு இழுபறி பண்ணி 2012 ஜனவரியில கேபினட் வரைக்கும் போய் தான் ஆளுக்கு பாதின்னு பிரிச்சாங்க. அந்த காலத்துல அவசர அவசரமா பதிஞ்ச பேரு தான் இன்னைக்கும் பல கார்டுல கெடக்கு.

சரி, உங்க கேள்வி உண்மையில ரெண்டு கேள்வி, சேத்து கொழப்பிக்கிட்டீங்க. பேங்க் பணம் பேருனால மாறிப் போகல. ஆதார் வழியா வர்ற மானியப் பணம் ஆதார் நம்பர வச்சு தான் போகும், கடைசியா எந்த பேங்க்ல ஆதார இணைச்சு என்பிசிஐ மேப்பர்ல, அதாவது எந்த ஆதாருக்கு எந்த பேங்க்னு குறிச்சு வைக்குற பட்டியல்ல, ஏறியிருக்கோ அங்க. பாஸ்புக் ஜெராக்ஸ் குடுத்தாலும் அதுவே தான். மை ஆதார் சைட்ல ஓடிபி போட்டு உள்ள போனா பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்னு இருக்கும், எந்த பேங்க்னு காட்டும். உங்களுக்கு வேண்டிய பேங்க்ல போய் மானியப் பணம் இங்க வரணும், ஆதார் சீடிங் பண்ணுங்கன்னு ஃபார்ம் எழுதிக் குடுங்க, பழசு தானா விலகிரும். சும்மா "ஆதார் லிங்க்" பண்ணுங்கன்னு கேட்டா ஆள் யாருன்னு சரிபாக்குற கேஒய்சிக்கு மட்டும் பதிஞ்சிட்டு அனுப்பிருவாங்க, அது வேற இது வேற. பழைய பேங்க்ல விழுந்த பணமும் உங்க பணம் தான், போய் எடுத்துக்கலாம்.

இனி பேரு. மொதல்ல எந்த ஆபீசுக்கும் போகாதீங்க, பாஸ்போர்ட்டோட ரெண்டாம் பக்கத்த, அதாவது அட்ரஸ் இருக்குற பக்கத்த எடுத்து அப்பா பேரு எப்படி இருக்குன்னு பாருங்க. சூசைங்கறத இங்கிலீஷ்ல எஸ்-யூனு எழுதுறாங்க, எஸ்-ஓ-ஓனு எழுதுறாங்க, நம்ம கன்னியாகுமரி ஜில்லா 1956 வரைக்கும் திருவிதாங்கூரோட இருந்ததால பழைய பதிவு பலதும் மலையாளத்துல, அதப் பாத்து இங்கிலீஷ்ல எழுதுனவங்க கைக்கு வந்தபடி எழுதியிருப்பாங்க. அந்த ரெண்டாம் பக்கத்து ஸ்பெல்லிங்கும் பேன் கார்டு ஸ்பெல்லிங்கும் ஒண்ணா இருந்தா பாதி வேல முடிஞ்சிது. வேறயா இருந்தா பாஸ்போர்ட்ல உள்ளதையே வச்சுக்கிட்டு பேன் கார்ட திருத்துங்க.

அதுக்கு அப்புறம் தான் ஆதார். ஆதார்ல பேரு மாத்த வாழ்க்கைக்கே ரெண்டு வாய்ப்பு தான், அதுக்கு மேல போனா கெசட், ஸ்பெஷல் அனுமதின்னு அலைய விட்டுருவாங்க, அதனால ஸ்பெல்லிங் முடிவாகாம கை வைக்காதீங்க. பேன் கார்டையே ஆதாரமா குடுத்து சூசை மரிய ஜோசப்னு அதே வரிசையில, ஒரு எழுத்து மாறாம போடச் சொல்லுங்க. 75 ரூபா ஃபீஸ், கூட கேட்டா ரசீது கேளுங்க. ஆபரேட்டர் இங்கிலீஷ்ல அடிக்கும்போது தமிழ்ல சாஃப்ட்வேர் தானா எழுதும், சூசை சுசையாகும், கேட்டா சரியாத்தான் இருக்குன்னு சொல்லுவாங்க, சைன் போடுறதுக்கு முன்ன சீட்டுல தமிழையும் ஒரு வாட்டி வாசிச்சிருங்க.

ஆதாரும் பேனும் ஒண்ணா ஆனதும் அந்த ரெண்டையும் கொண்டு பாஸ்போர்ட் ரீ-இஷ்யூ போடுங்க, சர்நேம்ல சூசை, கிவன் நேம்ல மரிய ஜோசப். சாதாரண 36 பக்க புக்குக்கு 1,500 ரூபா. ஏஜென்ட் சொன்னது சும்மா பயங்காட்டல் இல்ல, 2022 நவம்பர்ல இருந்து ஒத்தப் பேரு பாஸ்போர்ட்ட டூரிஸ்ட், விசிட் விசாவுக்கு யுஏஇ ஏத்துக்கல. ரெண்டாம் பக்கத்துல அப்பா பேரு இருந்தா சிலருக்கு விடுவோம்னு பெறவு தளர்த்துனாங்க, சர்நேம் காலியா இருந்தாலும் மரிய ஜோசப் மாதிரி ரெண்டு வார்த்தை இருந்தா விடுவோம்னும் சொன்னாங்க, ஆனாலும் வேலைக்கு போறவர் அத நம்பி ஏர்போர்ட்ல நிக்க வேண்டாம்னு தான் நான் சொல்லுவேன். சர்நேம் காலின்னு ஏஜென்டே எதையாவது போட்டு விசா அடிக்க விடாதீங்க. விசா அடிச்சாச்சுன்னா பெறவு பாஸ்போர்ட் பேர தொடவும் கூடாது.

ரேஷன் கார்டு கடைசியில பாத்துக்கலாம், வட்ட வழங்கல் ஆபீசு இல்லன்னா இ-சேவை மையத்துல புது ஆதார காட்டுனா போதும். மீனவர் கார்டு மீன்வளத்துறை ஆபீசுல தான், அத அவரு துபாய் போறதுக்கு முன்னயே முடிச்சிருங்க, அவரே நேர்ல வரணும்னு சொன்னா அங்க இருந்து வர முடியாதுல்லா.