படகின் அடியில் பழைய பெயிண்ட்: கேள்வியும் பதிலும்

வாடைக்குப் படகுகள் கரையேறிவிட்டன. பாசியும் சிப்பியும் ஒட்டாமலிருக்கப் படகின் அடியில் பூசும் பெயிண்டைச் சுரண்டி எடுப்பது பற்றிப் பலர் கேட்டிருந்தார்கள். வாழைச்சேனையில் நெடுங்காலமாகப் படகு பழுதுபார்க்கும் நம் மூத்த உறுப்பினர் பதில் சொல்கிறார். கேட்டவர்களின் ஊர்ப் பெயர் கேள்விக்கு முன்னால் இருக்கிறது.

வாகரை: அண்ணன், ஆழ்கடல் படகு. பெயிண்ட் பல அடுக்காகத் தடித்துக் கிடக்கிறது. முழுவதையும் எடுக்கத்தான் வேண்டுமா?

பிடிப்பாக இருந்தால் வேண்டாம் தம்பி. கத்தியால் சிறு கட்டங்களாகக் கீறுங்கள். அதன்மேல் ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். செதில் செதிலாக நாடாவோடு வந்தால் எடுத்துவிட வேண்டியதுதான். வராவிட்டால் 80 ஆம் இலக்க வாட்டர் பேப்பரால் தண்ணீர் விட்டுத் தேய்த்து, மேலேயே பூசலாம். முன்பு பூசியது என்ன வகை என்று தெரியாதபோது மட்டும், பழையதையும் புதியதையும் பிரித்துவைக்கும் இடைப்பூச்சு ஒன்றை முதலில் அடியுங்கள். தேவையில்லாமல் சுரண்டுவது காசுக்கும் கேடு, உடம்புக்கும் கேடு.

சாய்ந்தமருது: காக்கா, கிரைண்டர் போட்டால் ஒரே நாளில் முடியும் என்கிறார்களே?

முடியும். ஆனால் அந்தத் தூசு எங்கே போகிறது என்று பாருங்கள். இந்தப் பெயிண்டில் இருப்பது பெரும்பாலும் செப்பு ஒட்சைட்டு. அதோடு வேறு நஞ்சுகளும் கலந்திருக்கும். உலர்ந்தபடி அரைத்தால் அது மாவாகப் பறந்து வேலைக்காரப் பையனின் நெஞ்சுக்குள் போகும். வாயில் கட்டும் துவாய் அதைத் தடுக்காது, மருந்துக்கடை முகக்கவசமும் தடுக்காது. நச்சுத் தூசுக்கென்றே செய்த வடிகட்டி பொருத்திய கவசம் வேண்டும். அது இருந்தாலும் உலர்ந்தபடி அரைக்காதீர்கள்.

கையால் சுரண்டுவதுதான் என் வழி. சுரண்டியின் இரண்டு மூலைகளையும் அரத்தால் உருட்டிவிடுங்கள். கூர்மூலை படகின் பைபரில் (கண்ணாடியிழை உடலில்) கோடு போட்டுவிடும். அலகைத் தீட்டிக்கொண்டே இருங்கள், மழுங்கியதை அழுத்தும்போதுதான் கை வழுக்கும். மிச்சத்தைத் தண்ணீரோடு தேய்க்கும்போது வழியும் நீரின் நிறத்தைக் கவனியுங்கள். சிவப்பாகவோ கறுப்பாகவோ ஓடிய நீர் பால்போல வெளுத்தால் கையை எடுத்துவிடுங்கள், பைபரின் மேல்தோலான ஜெல்கோட் கரைகிறது. அது ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் தடிப்புத்தான்.

களுவாஞ்சிகுடி: தீ காட்டி உரிக்கலாமா? பெயிண்ட் உரிக்கும் திரவம்?

தீ கூடவே கூடாது. புகை நஞ்சு, பைபரும் கொப்புளிக்கும். திரவம் வாங்கினால் பைபர் படகுக்கு ஏற்றது என்று டின்னில் எழுதியிருக்க வேண்டும். சுவர், கதவுக்கான கடுந்திரவம் ஜெல்கோட்டை இளக்கிவிடும்.

கல்லடி: அண்ணா, எங்கள் வீட்டுப் பின்புறம் வாவிக்கரையில் படகு ஏற்றிச் சுரண்டுகிறார்கள். செதில்கள் சேற்றில் கிடக்கின்றன. பிள்ளைகள் விளையாடும் இடம்.

நல்லவேளை கேட்டீர்கள் தங்கச்சி. சிப்பியைக் கொல்வதற்கென்று செய்த மருந்து, படகிலிருந்து கழன்றதும் மருந்தில்லாமல் போய்விடாது. நம் வாவியில் நண்டுக்குஞ்சும் இறால்குஞ்சும் வளர்வது கரையோர ஆழமற்ற நீரில்தான். அங்கேயே செப்பைக் கொட்டினால் அவைதான் முதலில் சாகும். படகை ஏற்றிவைப்பதும் மழைக்காலம் என்பதால், இரவு ஒரு மழை பெய்தால் செதில் எல்லாம் வாவிக்குள் போய்விடும்.

படகின் கீழே கிழியாத தார்ப்பாய் விரித்து, ஓரங்களை மணல் மூட்டையால் உயர்த்தச் சொல்லுங்கள். தேய்த்த தண்ணீரை வாளியில் தெளியவிட்டு, அடியில் தங்கும் வண்டலைத் துணியில் வடித்து, செதிலோடு மூடியுள்ள டின்னில் சேர்க்க வேண்டும். எரிக்கக் கூடாது, புதைக்கவும் கூடாது. அபாயக் கழிவு என்று எழுதி ஒட்டி, எங்கே ஒப்படைப்பது என்று உள்ளூராட்சி மன்றத்தில் கேட்கட்டும். இப்போது கிடக்கும் செதிலை மேல்மண்ணோடு வழித்து அள்ளச் சொல்லுங்கள். அதுவரை பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

ஒலுவில்: சின்னப் பைபர் படகு. தினமும் கரைக்கு இழுத்துவிடுவோம். இந்தப் பெயிண்ட் தேவையா?

தேவையில்லை. கழுவி உலரவிட்டால் போதும்.

பாசிக்குடா: பெயிண்ட் எடுத்த இடத்தில் நீர்க்கொப்புளம்போல இருக்கிறது.

கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒன்றைக் குத்திப் பாருங்கள். உள்நீர் சில வேளை பீறிட்டு வரும். வினாகிரி வாசம் அடித்தால் பைபருக்குள் தண்ணீர் ஊறி, இழைகளைப் பிணைக்கும் ரெசினைத் தின்கிறது. கொப்புளங்களைத் திறந்து, நன்னீரால் திரும்பத் திரும்பக் கழுவி, முற்றாகக் காயவைத்து, எபொக்சி பட்டியால் நிரப்புங்கள். அவசரப்பட்டு மூடினால் அடுத்த வருடமும் அதே வேலைதான்.

பொத்துவில்: வாப்பா காலத்து டின் ஒன்று திறக்காமல் கிடக்கிறது. பூசலாமா?

வேண்டாம். பழைய டின்னில் டிரைபியூட்டில்டின் என்ற வெள்ளீய நஞ்சு இருக்கக்கூடும். பிரான்சின் ஆர்காஷோன் குடாவில் சிப்பிகளின் ஓடு தடித்து உருக்குலைந்து, 1982 இல் 25 மீற்றருக்குக் குறைந்த படகுகளுக்கு அங்கே தடை வந்தது அதனால்தான். 2001 இல் எழுதப்பட்ட உலக உடன்படிக்கை 2008 இல் நடைமுறைக்கு வந்து எல்லாக் கப்பலுக்கும் அதைத் தடுத்தது. டின்னைத் திறக்காமல் கழிவோடு சேருங்கள்.

வாகரை: அண்ணன், சுரண்டியாயிற்று என்றால் எப்போது பூசுவது? மழை விடுவதாக இல்லையே.

கூரை போட்டுக் காத்திருங்கள். தெளிவான பொலித்தீன் துண்டொன்றை நாலு பக்கமும் நாடாவால் அடைத்து அடிப்பகுதியில் ஒட்டிவையுங்கள். மறுநாள் உட்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் காயவில்லை. பூசும்போது, படகின் உலோகப் பாகங்கள் அரிக்காமலிருக்கப் பொருத்திய துத்தநாகக் கட்டிகளின்மேல் மட்டும் தூரிகை படவே கூடாது.